போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும்
வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வந்தவை. பள்ளிக்கூடத்தை விட்டு முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆன பிறகு ஸ்மார்ட்போனையும் இணையத்தையும் கற்றுக்கொள்ள நேர்ந்தவர்களின் கேள்விகள் அவை. இந்தப் பக்கம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டுமே குறிக்கப்பட்டுள்ளது.

மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். மின்கட்டணம் கட்டுவது எப்படி என்று பேரன் ஐந்து முறை காட்டிவிட்டான். அவன் காட்டும்போது எல்லாம் புரிகிறது. அவன் ஊருக்குப் போனதும் ஒன்றும் நினைவில் இல்லை. நோட்டில் எழுதி வைத்தும் பயனில்லை. நான் தொட்டாலே படங்கள் ஆடுகின்றன, இடம் மாறிப் போகின்றன. 67 வயதில் இனி மண்டையில் ஏறாது என்று விட்டுவிடலாமா?
— ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

விட வேண்டாம், ஆச்சி. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: பேரன் ‘காட்டினான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து முறையும் போன் யார் கையில் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஓலைக் கூடையான கொட்டானை முடைவதை ஐந்து முறை அல்ல, ஐம்பது முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும், ஓலையைக் கையில் வாங்கி முடைந்து பார்க்காதவருக்கு அது வராது. கண் புரிந்துகொள்வது வேறு, கை பழகுவது வேறு. வயது ஏறும்போது புதியதைப் பிடிக்கும் வேகம் குறைவது உண்மை. ஆனால் பழகும் திறன் போய்விடுவதில்லை. உங்களுக்கு வேண்டியது கூடுதல் நேரமும், போன் உங்கள் விரலுக்கடியிலேயே இருப்பதும்தான்.

இதை நான் பிழை செய்துதான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் கோட்டையூரில் ஒரு வீட்டு முகப்பில் நான் நடத்திய போன் வகுப்பில், எழுபது வயதான ஓர் அம்மா தம் மகளுக்குப் புகைப்படம் அனுப்ப முயன்றுகொண்டிருந்தார். நேரமாகிவிட்ட அவசரத்தில் நான் போனை வாங்கி, மூன்று தொடுதலில் அனுப்பிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் “நல்லது தம்பி” என்று சொல்லிப் போனைச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டார்; அடுத்த வாரம் வரவில்லை. அவருக்கு உதவியதாக நான் நினைத்திருந்தேன். அது தம்மால் ஆகாத வேலை என்பதைத்தான் அன்று அவருக்குக் கற்பித்திருக்கிறேன். அதன் பிறகு கற்பவரின் போனை நான் தொடுவதில்லை. எங்கே தொட வேண்டும் என்று வாயால் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். பேரனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டி, இனி அவனும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சொல்லுங்கள்.

அடுத்தது, மின்கட்டணம் தொடக்கப் பாடத்துக்கு ஏற்றதல்ல. அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. கற்றதைத் திரும்பச் செய்யாவிட்டால் முதல் சில நாட்களிலேயே பெரும்பகுதி மறந்துபோகும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தம்மை வைத்துச் சோதித்து எழுதிவிட்டார். அப்போது அவருக்கு வயது 35. ஆகவே இதை முதுமையின் மறதி என்று எண்ண வேண்டாம். நாள்தோறும் செய்யக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குங்கள். காலையில் மகனுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்புவதைப் பத்து நாள் விடாமல் செய்தால், போனைத் திறப்பது, செயலியைத் தேடுவது, சரியான ஆளைத் தொடுவது, அழுத்திப் பேசுவது ஆகிய நான்கும் கைக்கு வந்துவிடும். மின்கட்டணத்தில் பாதி வேலை அவையேதான்.

படங்கள் ஆடுவதற்கு ஒரு காரணம் உண்டு. போன், விரல் பட்ட நேரத்தைக் கணக்கிடுகிறது. சட்டென்று தொட்டு எடுத்தால் ‘திற’ என்று பொருள். அழுத்திப் பிடித்தால் ‘இடம் மாற்று’ அல்லது ‘நீக்கு’ என்று பொருள். அழைப்பு மணியை அழுத்திப் பழகிய கை, பட்டனை அழுத்துவது போலவே கண்ணாடியையும் அழுத்துகிறது; படங்கள் நடுங்கத் தொடங்குகின்றன. தோல் உலர்ந்த விரலைச் சில நேரம் திரை உணர்வதேயில்லை, அதனாலும் நாம் இன்னும் பலமாக அழுத்துகிறோம். குங்குமச் சிமிழில் விரல் நுனி படுவது போலத் தொட்டு எடுத்துப் பாருங்கள். போனின் அமைப்புகளில் அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) என்ற பகுதிக்குப் போனால், அழுத்திப் பிடிப்பதாகக் கொள்ளும் நேரத்தைப் பல போன்களில் நீட்டி வைக்க முடியும்; எழுத்தையும் பெரிதாக்கலாம். இவற்றை மட்டும் பேரனே ஒருமுறை செய்து கொடுக்கலாம்.

நோட்டு எழுதுவதை விடாதீர்கள். எழுதும் முறையை மட்டும் மாற்றுங்கள். ‘மேலே வலது பக்கம் மூன்றாவது படம்’ என்று எழுதினால், செயலி அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது அது பொய்யாகிவிடும். கல்யாணச் சாமான் சிட்டையில் பொருளின் பெயரைத்தானே எழுதுகிறோம், அது வைத்திருக்கும் இடத்தை அல்ல. அதுபோல, பக்கத்தின் மேலே செய்ய வேண்டிய காரியத்தை எழுதி, அதன் கீழே தொட வேண்டிய பொத்தானில் உள்ள சொல்லையும் அதன் படத்தையும் உங்கள் கையாலேயே வரைந்து வையுங்கள்.

பலகாரம் செய்து விற்கிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன, குரல் பதிவிலேயே பதில் சொல்லிச் சமாளிக்கிறேன். பணம் வந்ததா என்று பார்க்க மகள் பள்ளியிலிருந்து வர வேண்டும். சென்ற மாதம் ஒருவர் பணம் அனுப்பிவிட்டதாகத் தம் போனில் ஒரு படத்தைக் காட்டி, மூன்று கிலோ மணகோலம் வாங்கிப் போனார். பணம் வரவே இல்லை. ஆங்கிலம் கற்றால்தான் இதெல்லாம் வருமா?
— காரைக்குடி வாசகி, வயது 44

ஆங்கிலத்துக்காக நீங்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றலாம். பணம் அனுப்பும் செயலிகள் பலவற்றிலும் தமிழ் இருக்கிறது. தட்டச்சுப் பலகையில் உள்ள மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால், பேசியது எழுத்தாக வரும். ‘தேன்குழல் இரண்டு கிலோ, வெள்ளிக்கிழமை மாலை’ என்ற அளவுக்கு அது தாராளமாகப் போதும். எழுத விரும்பினால் தமிழ்99 விசைப்பலகையை நான் பரிந்துரைப்பேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட அதில் உயிரெழுத்துகள் இடப்புறத்திலும் மெய்கள் வலப்புறத்திலும் இருக்கும். ‘அம்மா’ என்று எழுத ஆங்கில எழுத்துகளைத் தேடும் முறையைவிட, எட்டாம் வகுப்பில் நீங்கள் கற்ற எழுத்துகளையே தொட்டு எழுதுவது உங்களுக்கு இயல்பாக இருக்கும்.

ஆங்கிலத்தில் சில சொற்களைப் படம்போல அடையாளம் கண்டால் போதும். மகளிடம் பே, சென்ட், ரிசீவ்டு, கேன்சல், ஃபெயில்டு, பெண்டிங் ஆகியவற்றை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி வாங்கி, அடுப்புக்கு எதிரே ஒட்டி வையுங்கள். இவற்றுள் ‘இன்னும் முடியவில்லை’ என்று பொருள்படும் பெண்டிங் மிக முக்கியமானது. நீங்கள் பணம் அனுப்பும்போது அந்தச் சொல் வந்தால், பதறி மறுபடி அனுப்பாமல் முடிவு தெரியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

மூன்று கிலோ மணகோலம் போனது எனக்கும் மனவருத்தம்தான். எதிராளியின் போனில் தெரியும் படம் எதற்கும் சான்றாகாது. அதைப் போலியாக உருவாக்குவது எளிது. உங்கள் போனில், உங்கள் கணக்கில், வரவு ஏறியிருக்கிறதா என்பது ஒன்றுதான் சான்று. 2016-இல் தொடங்கிய யுபிஐ முறையில், பணத்தைப் பெற்றுக்கொள்ள இரகசிய பின் எண்ணை இடவே வேண்டாம். ‘பணம் வர வேண்டுமானால் பின் போடுங்கள்’ என்று எவராவது சொன்னால், பணம் போகப்போவது உங்கள் கணக்கிலிருந்துதான். இதை நம்பிக்கையாகப் பழக ஒரு வழி இருக்கிறது. இன்று மாலை மகளும் நீங்களும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு ரூபாயை மாறி மாறிப் பத்து முறை அனுப்பிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் வரவு எங்கே பதிவாகிறது, பற்று எங்கே பதிவாகிறது என்று நீங்களே வாயால் சொல்லுங்கள். பத்தாவது முறைக்குள் மகளின் உதவி தேவைப்படாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்கள் தெருவில் உள்ள பெரியவர்களுக்கு வீட்டுத் திண்ணையில் போன் வகுப்பு நடத்த எண்ணம். முப்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்; புரொஜெக்டர் ஒன்றும் இரவல் கிடைக்கும். பாடத்திட்டம் எப்படி வகுப்பது?
— கானாடுகாத்தான் வாசகி

உங்கள் எண்ணத்தை மனமார வரவேற்கிறேன். புரொஜெக்டரை மட்டும் இரவல் வாங்க வேண்டாம். பெரிய திரையில் தெரியும் போன் எவருடைய போனும் அல்ல. ஆறு பேர் உட்கார்ந்தால் ஆறு விதமான போன்கள் இருக்கும், ஒன்றில் கீழே இருக்கும் பொத்தான் இன்னொன்றில் மேலே இருக்கும். திரையைப் பார்த்துவிட்டுத் தம் போனைப் பார்ப்பவர் அந்த நொடியிலேயே திகைத்துப்போகிறார். முப்பது பேரை ஐந்து குழுவாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஆறு பேர் மட்டும் வட்டமாக உட்காரட்டும்.

நம் பக்கத்துக்கு இந்த முறை புதிதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் நம்மவர்கள் வட்டிக்குப் பணம் கொடுக்கும் லேவாதேவி நடத்திய நாட்களில், பணப்பெட்டியருகே எடுபிடியாக, பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவனைத் தனி வகுப்பில் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. பெட்டியடியில் உட்கார்ந்து, உண்மையான வரவு செலவைப் பார்த்து, தானே எழுதிப் பழகித்தான் அவன், முதலாளுக்கு அடுத்த நிலையில் உள்ள அடுத்தாளாக உயர்ந்தான். கற்றுக்கொள்ள வேண்டிய காரியம் நிஜமானதாகவும், திருத்திச் சொல்லும் ஆள் ஒரு கை தூரத்திலும் இருந்ததால்தான் அந்தப் படிப்பு நிலைத்தது. ஆத்தங்குடியில் தரை ஓடு செய்யக் கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து வண்ணம் ஊற்றுபவரிடம் எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

இன்னொரு முன்னோடியும் அருகிலேயே இருக்கிறது. செட்டிநாட்டின் ஒரு பகுதியான இராயவரமும் கடியாபட்டியும் அடங்கிய புதுக்கோட்டை மாவட்டத்தில், 1991-இல் தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதை முனைந்து ஊக்குவித்தார். தண்ணீர் எடுக்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் சைக்கிள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்தத் தேவைதான் அவர்களை ஏளனத்தையும் மீறி ஏறி உட்கார வைத்தது. முன்தினம் கற்றவர் மறுநாள் இன்னொருவருக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். உங்கள் வகுப்பிலும் முதல் ஆறு பேரில் இருவர் அடுத்த குழுவுக்குத் துணையாக வரவேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள். உங்களைவிட அவர்கள் நன்றாகக் கற்பிப்பார்கள், ஏனெனில் எங்கே தடுக்கும் என்பது அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது.

பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை, அதை நீங்கள் முன்கூட்டியே எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1963-இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்த பாவ்லோ ஃப்ரெய்ரே, அவர்களது அன்றாட வாழ்வில் புழங்கிய சொற்களைத் திரட்டி அவற்றிலிருந்தே பாடத்தை அமைத்தார். முதல் நாள் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘சென்ற வாரம் போனில் எந்தக் காரியத்துக்கு இன்னொருவரை நாடினீர்கள்?’ ஒருவர் பேருந்து முன்பதிவு என்பார். ஒருவர் பேத்தியின் முகம் பார்க்க வேண்டும் என்பார். ஒருவர் ரேஷன் கடைக் குறுஞ்செய்தியைப் படிக்க வேண்டும் என்பார். அந்த விடைகள்தாம் உங்கள் பாடத்திட்டம்.

அச்சத்தைப் போக்குவதற்கென்றே ஒரு நாளை முழுதாக ஒதுக்குங்கள். பெரியவர்கள் ‘எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவேனோ’ என்று விரலை இழுத்துக்கொள்கிறார்கள். அந்த அச்சம் இருக்கும்வரை எதுவும் மனத்தில் தங்காது. கெடுதல் நேரக்கூடியவை சிலவே: பணம் அனுப்புவது, எதையேனும் அழிப்பது, ஓடிபி அல்லது பின் எண்ணைப் பிறருக்குச் சொல்வது, தெரியாத செயலியையோ வந்த இணைப்பையோ திறந்து அனுமதி கொடுப்பது. பெரும்பாலான மற்ற இடங்களிலிருந்து முகப்புத் திரைக்குத் திரும்பிவிடலாம். அன்று ஒவ்வொருவரும் அமைப்புகளுக்குள் எங்காவது வழி தவறிப் போய்விட்டு, தாமே திரும்பி வர வேண்டும். இருபது முறை போய்வந்தவருக்குப் போனிடம் இருந்த மரியாதை கலந்த பயம் போய்விடுகிறது.

அரசின் ஏற்பாடுகளையும் தெரிந்து வைத்திருங்கள். 2017-இல் தொடங்கிய பிரதமரின் கிராமப்புற எண்ம (டிஜிட்டல்) கல்வித் திட்டம், வீட்டுக்கு ஒருவராக 6 கோடிக் கிராமப்புறக் குடும்பங்களுக்கு 20 மணி நேரப் பயிற்சி என்ற இலக்கோடு நடந்தது. ஆனால் 14 முதல் 60 வயது வரை உள்ளவர்களே அதில் சேர முடிந்தது. உங்கள் தெருவில் பெயர் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அந்த வரம்புக்கு வெளியே இருப்பார்கள் என்று எண்ணினால், உங்கள் திண்ணைக்கு இருக்கும் தேவை புரியும். 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கானது. எண்ம அறிவும் அதன் வாழ்க்கைத் திறன்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. எழுத்தும் தெரியாதவர்கள் உங்களிடம் வந்தால், அருகிலுள்ள அரசுப் பள்ளியில் இதைப் பற்றி விசாரியுங்கள்.

ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்றுக்குக் கைரேகை வைக்கப் போனால் இயந்திரம் ஏற்பதில்லை. முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம் என்கிறார்களே, நம்பலாமா?
— கண்டனூர் வாசகர்

நம்பலாம், ஐயா. உயிர்வாழ்வுச் சான்றை இணையவழி பதிவதற்காக 2014-இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் முறையில் 2021 நவம்பர் முதல் முகத்தைக் கொண்டு சரிபார்க்கும் வசதியும் இருக்கிறது. அதற்குரிய இரண்டு செயலிகளையும் போனின் அதிகாரப்பூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டுமே நிறுவுங்கள்; எவரேனும் அனுப்பும் இணைப்பிலிருந்து வேண்டாம். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) உட்கார்ந்து, சொல்லும்போது கண் இமைத்தால் போதும். வழக்கமாக நவம்பர் மாதம். 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே செய்யலாம். முதல் முறை மட்டும் அருகில் ஒருவர் இருக்கட்டும்.

கடை வைத்திருக்கிறேன், வயது 58. போலீஸ் அதிகாரி என்று சொல்லி வீடியோவில் அழைத்த ஒருவன், என் பெயரில் வழக்கு இருப்பதாகவும் நான் ‘டிஜிட்டல் கைதில்’ இருப்பதாகவும் மிரட்டிப் பணம் பறித்துவிட்டான். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. இனி இந்தப் போனே வேண்டாம் என்று தோன்றுகிறது.
— தேவகோட்டை வாசகர்

உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் வாய் திறக்காமல் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. எந்தக் காவல் அதிகாரியும் வீடியோவில் விசாரித்துப் பணம் கேட்க மாட்டார். பணம் போனது தெரிந்த நிமிடமே, இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். களவு போன பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருப்பதால், முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். நாள் கடந்திருந்தாலும் புகார் கொடுங்கள்.

இது உங்கள் அறியாமைக்குக் கிடைத்த தண்டனை என்று எண்ணாதீர்கள். படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள் பலரும் இப்படி இழந்திருக்கிறார்கள். அந்த அழைப்பு உங்கள் அறிவைச் சோதிப்பதில்லை. யோசிக்க நேரம் கொடுக்காமல், யாரிடமும் பேசவிடாமல் உங்களைப் பிடித்து வைக்கிறது. வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாதிருக்கும்வரை அந்தப் பிடி தொடர்கிறது. இன்றிரவே மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.

போனை விடுவதற்குப் பதிலாக ஒரு பயிற்சியைச் செய்யச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் ஒருவர் மிரட்டும் அதிகாரியாகப் பேசுவார், மற்றவர் பேச்சின் நடுவிலேயே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் மரியாதையாகப் பேசி வளர்ந்த தலைமுறைக்கு, எதிரில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைப்பது மிகக் கடினமாக இருக்கிறது. ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் முதல் மூன்று முறையும் “சரிங்க சார், சொல்லுங்க சார்” என்றே கேட்டுக்கொண்டிருந்தார். நான்காம் முறை “வைக்கிறேன்” என்று ஒரே சொல் சொல்லித் திரையின் சிவப்புப் பொத்தானைத் தொட்டபோது அவர் கை நடுங்கியது. ஐந்தாம் முறை நடுங்கவில்லை. உங்கள் மனைவியை எதிரில் உட்காரவைத்து அதைச் செய்து பாருங்கள். பிறகு அவருக்கு நீங்கள் அதிகாரியாகப் பேசுங்கள்.